இயற்கை என்னும் சொல்

ஏற்காட்டுக்குச் சென்றவர்களுள் 'லேடீஸ் சீட்' என்னும் இடத்தைக் காணாது திரும்பியவர் மிகச் சிலரே. சேர்வராயன் மலையின் விளிம்பில், பாறைகள் இருக்கைபோல் அமைந்த இடம் அது. மாலை வேளையில் அங்கே அமர்ந்தால், கீழே சேலம் நகரம் விளக்கு விளக்காக மலர்வதைக் காணலாம். அருகிலேயே 'ஜென்ட்ஸ் சீட்' என்று ஆடவருக்கு ஓரிடமும், 'சில்ட்ரன்ஸ் சீட்' என்று குழந்தைகளுக்கு ஓரிடமும் உண்டு. வீசும் காற்று ஒன்றே. நிற்கும் மலையும் ஒன்றே. ஆயினும் பெயரிட்டவர்கள், 'இது பெண்ணுக்கு, இது ஆணுக்கு' என்று பிரித்தே பெயரிட்டார்கள். மலை அவ்வாறு பிரிக்கவில்லை, மனிதர் பிரித்தனர்.

மாணவ நண்பர்களே! இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், பெண்கள் படைத்த கற்பனை உலகக் கதைகளைப் பற்றியது. அக்கதைகளில் பெண்ணின் உடலும், அவளைச் சூழ்ந்த இயற்கையும், 'நான் யார்?' என்னும் அவளுடைய கேள்வியும் எவ்வாறு பிணைந்து நிற்கின்றன என்று காண்பதே என் நோக்கம். நூல்களிலிருந்து தொடங்காமல், ஒரு நாள் நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். இப்பொருளை எனக்கு விளங்க வைத்தது அந்த நாள்தான்.

நான் கல்லூரியில் இலக்கியம் கற்பிப்பவள். ஒரு முறை மாணவியர் சிலரோடு ஏற்காட்டுக்குச் சென்றிருந்தேன். தாவரவியல் பயிலும் பெண்களும் எங்களோடு வந்திருந்தனர். காலையில், இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-ஆம் ஆண்டு அங்கே தொடங்கிய ஆர்க்கிட் தோட்டத்தைப் பார்வையிட்டோம். தாவரவியல் மாணவி ஒருத்தி அன்று எங்களுக்கெல்லாம் ஆசிரியையாக விளங்கினாள். ஒரு மலரைச் சுட்டிக் காட்டி, "மற்றப் பூக்களில் மகரந்தத் தாள்கள் தனியாகவும், சூல்தண்டு தனியாகவும் நிற்கும். ஆர்க்கிட் மலரில் ஆணுறுப்பும் பெண்ணுறுப்பும் இணைந்து ஒரே தூணாகிவிடுகின்றன, இதோ பாருங்கள்" என்றாள். அவள் குரலில் தயக்கம் சிறிதும் இல்லை. அறிந்ததை அறிந்தவாறு கூறும் தெளிவு இருந்தது.

நண்பகலில் சேர்வராயன் கோயிலுக்கு ஏறினோம். கடல் மட்டத்துக்கு மேல் 5,300 அடியைக் கடந்த உயரத்தில், மலையுச்சியின் சமவெளியில் உள்ள குகைக் கோயில் அது. சேர்வராயனும் காவிரியம்மனும் அங்கே ஒருங்கே எழுந்தருளியிருக்கின்றனர். மலையாளி என்று வழங்கப்பெறும் அம்மலைவாழ் தமிழ் மக்களுக்கு அதுவே தலைமைக் கோயில். வழிபடுவோர் மலையை ஆணாகவும் ஆற்றைப் பெண்ணாகவும் காண்கின்றனர். கோயிலுக்குச் சற்று முன்பாகவே அந்த மாணவி நின்றுவிட்டாள். "நீங்கள் போய் வாருங்கள், அம்மா. நான் இன்று வரக்கூடாது" என்றாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை. யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. வீட்டில் கற்ற வழக்கம் அவளுடன் மலையேறி வந்திருந்தது. நாங்கள் வழிபட்டுத் திரும்பும்வரை அவள் ஒரு கல்லின்மேல் தனியே அமர்ந்திருந்தாள்.

மாலையில் லேடீஸ் சீட்டில் என் அருகே அமர்ந்து, அவளே மெல்லப் பேச்சைத் தொடங்கினாள். "காலையில் பூவைப் பற்றிப் பேசியபோது எனக்குக் கூச்சமே இல்லை, அம்மா. நண்பகலில் என் உடலைப் பற்றி ஒரு சொல் சொல்ல நாக்கு எழவில்லை. பூவும் இயற்கை, உடலும் இயற்கைதானே? ஒன்றைக் காட்டிப் பேசலாம், மற்றொன்றை மறைத்து ஒதுங்க வேண்டும் என்று வகுத்தது எது?" என்று கேட்டாள்.

அன்று நான் கூறிய விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் எண்ணிப் பார்த்தபோது ஒன்று புலப்பட்டது. 'இயற்கை' என்னும் சொல்லை நாம் இரு பொருளில் வழங்குகிறோம். மலை, மழை, மரம், விலங்கு, உடல் ஆகியவற்றை இயற்கை என்கிறோம். இது கண்ணால் காணும் இயற்கை. 'பெண் இயற்கையிலேயே அஞ்சுபவள்', 'பெண்ணின் இயல்பு பொறுமை' என்றும் கூறுகிறோம். இது காலங்காலமாகச் சொல்லிச் சொல்லி வந்த இயற்கை. முதலாவது உள்ளது, இரண்டாவது உரைக்கப்பட்டது. ஒரே சொல்லால் இரண்டையும் வழங்குவதால், உரைக்கப்பட்டதற்கும் மலையின் உறுதி வந்துவிடுகிறது. 'இயற்கையை மாற்ற முடியுமா?' என்று கேட்டுப் பேச்சை முடித்துவிடுகிறோம்.

இந்த இரு பொருளையும் பிரித்துக் காட்டும் ஆற்றல் ஒருவகைக் கதைக்கு உண்டு. அதனை ஊகப் புனைகதை என்பர். உலகம் இருந்தவாறே இருக்க, அதன் விதிகளுள் ஒன்றை மட்டும் எழுத்தாளர் மாற்றிவிடுவார். அந்த ஒரு மாற்றத்தால் என்னென்ன நிகழும் என்று பொறுமையாக எண்ணிப் பார்ப்பார். வேதியியல் கூடத்தில் ஒரு பொருளை நீக்கி விளைவைக் காண்பதுபோன்ற சோதனையே இது. இவ்விதியை நீக்கிய பின்னும் பெண் அஞ்சுகிறாளா? நீக்கிய பின்னும் ஆண் ஆளுகிறானா? இல்லையென்றால், நாம் இயற்கை என்று எண்ணியது வெறும் ஏற்பாடே என்பது தெளிவாகும்.

இத்தகைய கற்பனை தமிழுக்குப் புதிதன்று. அல்லி அரசாணியின் கதை நாட்டுப்புறத்தில் நெடுங்காலமாகப் பாடப்பட்டு வருகிறது. மதுரையை ஆளும் அல்லியின் அவையில் அமைச்சரும் பெண்டிர், காவலரும் பெண்டிர். ஆடவரை அவள் அணுகவிடுவதில்லை. ஆனால் கதை எவ்வாறு முடிகிறது? அருச்சுனன் பாம்பு வடிவெடுத்துச் சென்று, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். விழித்திருந்தவளை வெல்ல இயலாமல், உறங்கியவளின் உடலைக் கட்டியது அக்கதை. இன்றும் வீட்டில் ஒரு பெண்ணின் சொல் ஓங்கினால் 'அல்லி ராச்சியம்' என்று எள்ளுகிறார்களே, அந்த ஏளனத்தின் ஊற்று அங்கே இருக்கிறது.

மணிமேகலையின் கதை வேறு திசையில் செல்வது. உதயகுமரன் என்னும் அரச குமாரன் அவளது அழகை நாடித் தொடர்கிறான். அவள் மந்திர வலிமையால் காயசண்டிகை என்னும் மற்றொரு பெண்ணின் வடிவத்தை எடுத்துக்கொள்கிறாள். அந்தக் காயசண்டிகையோ ஆனைத்தீ என்னும் தீராப் பசியால் வருந்தியவள். விரும்பப்படும் உடலை விட்டுப் பசித்த உடலின் வடிவத்தை மேற்கொண்டு, அட்சய பாத்திரமாகிய அமுதசுரபியால் பிறர் பசியைத் தீர்க்கிறாள். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக மாற்றுகிறாள். 'என்னை என் உடலழகால் மட்டும் அளக்காதீர்' என்று கூற, உருமாற்றம் என்னும் கற்பனை அந்தக் காப்பியத்துக்குத் தேவைப்பட்டது. எனினும் இவ்விரு கதைகளும் பெண்கள் எழுதியவை என்று கூறுவதற்கில்லை. ஒரு பெண்ணே எழுதுகோலை எடுத்து உலகத்தின் விதியை மாற்றினால் என்ன நிகழும்?

அதற்குரிய விடை, சென்னையில் வெளிவந்த ஒரு பத்திரிகையில் கிடைக்கிறது. கமலா சத்தியநாதன் என்னும் அம்மையார் 1901-ஆம் ஆண்டு சென்னையில் 'இந்தியன் லேடீஸ் மேகசீன்' என்னும் ஆங்கிலத் திங்களிதழைத் தொடங்கினார். பெண்ணே ஆசிரியராக இருந்து பெண்களுக்காக நடத்திய இதழ் அது. அவ்விதழில் 1905-ஆம் ஆண்டு 'சுல்தானாவின் கனவு' என்னும் கதை வெளிவந்தது. எழுதியவர் ரொக்கையா சகாவத் உசேன். 1880-ஆம் ஆண்டு, இன்றைய வங்கதேசத்திலுள்ள பைராபந்து என்னும் ஊரில் பிறந்தவர். பெண்கள் திரைக்குப் பின்னே வாழ்ந்த வீடு அது. பெண்ணுக்குப் பள்ளிக் கல்வி மறுக்கப்பட்ட வீடு. அண்ணன் ஒருவர் இரவில் மெழுகுவத்தி வெளிச்சத்தில் அவருக்கு ஆங்கிலம் கற்பித்தார். அந்த ஆங்கிலத்தில்தான் வங்கத்துப் பெண்மணி எழுதினார். சென்னைப் பெண்மணி அச்சிட்டார்.

கதையை நான் சுருக்கிக் கூறுகிறேன். சுல்தானா ஒரு மாலையில் சாய்வு நாற்காலியில் அமர்ந்து, இந்தியப் பெண்களின் நிலையை எண்ணிக்கொண்டிருக்கிறாள். அப்போது சாரா என்னும் தோழியைப் போன்ற ஒருத்தி வந்து, வெளியே உலாவ அழைக்கிறாள். டார்ஜிலிங் மலையில் தங்கியிருந்தபோது, அங்குள்ள தாவரவியல் தோட்டத்தில் சாராவோடு கைகோத்து நடந்ததைச் சுல்தானா நினைத்துக்கொள்கிறாள். நண்பர்களே, இவ்விடத்தைப் படித்தபோது எனக்கு ஏற்காட்டு நினைவு வந்தது. சமவெளியில் திரைக்குள் வாழ்ந்தவள், மலைமேல் மரங்களுக்கிடையே நடக்கிறாள். அந்த நடையின் நினைவிலிருந்தே கனவு நாடு விரிகிறது.

கனவில் அவள் காணும் நாட்டில் வீதியெங்கும் பெண்களே இயங்குகின்றனர். ஆடவர் வீட்டினுள் இருந்து சமைத்துக் குழந்தைகளைப் பேணுகின்றனர். பட்டப்பகலில் நடக்கக் கூசும் சுல்தானாவைப் பார்த்து வீதியில் செல்லும் பெண்கள் சிரிக்கின்றனர். 'நீ ஆண்பிள்ளைபோல் இருக்கிறாய்' என்பது அவர்கள் கருத்து. ஏன்? அந்நாட்டில் நாணமும் அச்சமும் ஆடவர்க்குரியவை! எண்ணிப் பாருங்கள். வீட்டினுள் அடைந்திருப்பவர் யாரோ அவருக்கு நாணம் வருகிறது. வெளியே நடப்பவர் யாரோ அவருக்கு அது போய்விடுகிறது. நாணம் உடலில் பிறக்கவில்லை, கதவில் பிறக்கிறது என்பதை ஒரே ஒரு நகைச்சுவையால் ரொக்கையா நிறுவிவிட்டார்.

'ஆண் வலியவன், ஆகவே ஆள்கிறான்' என்னும் வாதத்துக்கும் அக்கதையில் விடை உண்டு. சிங்கம் மனிதனைவிட வலியது. அதனால் அது மனித இனத்தை ஆளவில்லையே என்கிறாள் சாரா. உடல் வலிமையைக் காட்டி ஆட்சியுரிமையை நிலைநாட்டுவோரிடம், உடலைக் கொண்டே எழுப்பிய எதிர்வாதம் இது.

இனி, அந்நாட்டில் இயற்கை எவ்வாறு நடத்தப்படுகிறது? அங்கே பெண்களுக்கென்று பல்கலைக்கழகங்கள் உண்டு. ஒரு பல்கலைக்கழகத்தார் வானில் ஒரு பெரிய பலூனை மிதக்கவிட்டு, குழாய்களின் வழியே மேகங்களிலிருந்து நீரை எடுத்துக்கொள்கின்றனர். மற்றொரு பல்கலைக்கழகத்தார் கதிரவனின் வெப்பத்தைச் சேமித்து வைக்கும் கருவியைக் கண்டறிகின்றனர். சமையலறையில் கரி இல்லை, புகை இல்லை, கதிரவனின் வெப்பமே அடுப்பு. ஆண்கள் அப்போது படைக்கலங்களைப் பெருக்கிக்கொண்டிருந்தனர். பெண்களின் ஆராய்ச்சியை வெறுங்கனவு என்று இகழ்ந்தனர். ஆனால் போர் வந்து ஆடவர் தோற்றபோது, பல்கலைக்கழகத் தலைவி 2,000 மாணவியரோடு சென்று, சேமித்த வெப்பத்தையும் ஒளியையும் பகைவர்மேல் செலுத்தி நாட்டைக் காத்தாள்.

புகையில்லாச் சமையலறை என்பதை எளிதாக எண்ணிவிடாதீர்கள். விறகடுப்பை ஊதி ஊதிக் கண்ணெரிந்த நம் பாட்டிமாரைக் கேட்டால் அதன் அருமை தெரியும். ரொக்கையாவின் விஞ்ஞானம் முதலில் எட்டிப் பார்த்த இடம் பெண்ணின் கண்ணும் நுரையீரலும் நாள்தோறும் வருந்திய இடம். இன்னொன்றும் நோக்குங்கள். அந்த நாட்டு அரசி, 21 வயது நிறையுமுன் எந்தப் பெண்ணுக்கும் திருமணம் ஆகக்கூடாது என்று ஆணையிடுகிறாள். கதை வந்தது 1905-இல். குழந்தை மணத்தைத் தடுக்கச் சாரதா சட்டம் வந்தது 1929-இல். அச்சட்டமும் பெண்ணுக்கு 14 வயது என்றே வரையறுத்தது. சட்டம் எட்டாத உயரத்தில் கதை முன்னரே சென்று அமர்ந்திருந்தது.

குறையே இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அந்த நாட்டில் ஆண்கள் அடைபட்டிருக்கின்றனர். அடைப்பு நீங்கவில்லை, அடைபட்டவர் மாறினர். ரொக்கையா இதனை அறியாதவர் அல்லர். பூட்டின் கொடுமையை ஆண் உணர வேண்டுமானால் ஒரு நாளாவது அவன் உள்ளே இருந்து பார்க்கட்டும் என்பதே அவர் எள்ளலின் நோக்கமென நான் கருதுகிறேன். தம் வாழ்க்கையில் அவர் எவரையும் அடைத்து வைக்கவில்லை. கணவர் இறந்தபின், 1911-ஆம் ஆண்டு கல்கத்தாவில் பெண்களுக்காகப் பள்ளி நடத்தத் தொடங்கினார். 1932-ஆம் ஆண்டு மறையும்வரை அப்பணியை விடவில்லை. கனவில் பல்கலைக்கழகம் கண்டவர், விழித்தபின் பள்ளிக்கூடம் கட்டினார்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1915-இல், அமெரிக்காவில் சார்லட் பெர்க்கின்ஸ் கில்மன் என்பவர் 'ஹெர்லண்டு' என்னும் கதையை எழுதினார். மலைகளால் சூழப்பட்ட ஒரு நாடு. அங்கே ஆண்களே இல்லை. பெண்கள் தாமாகவே கருவுற்றுத் தலைமுறை தலைமுறையாக வாழ்கின்றனர். அவர்களது காடு, தோட்டம்போல் பேணப்பட்ட காடு. தாய்மையே அந்நாட்டின் சமயமும் கல்வியும் ஆகிறது. அழகிய கற்பனைதான். ஆனால் 'தகுதி குறைந்தவர்' என்று கருதப்படும் பெண்கள் குழந்தை பெறாது விலக வேண்டும் என்னும் ஏற்பாடும் அங்கே உண்டு. பெண்ணின் உடலை ஆண் அளந்தது போய், நாடு அளக்கிறது. கற்பனை உலகங்களைப் படிக்கும்போது, அங்கே யாருக்கு இடமில்லை என்றும் கேட்கப் பழகுங்கள்.

1969-இல் அர்சுலா லெ குவின் என்னும் அமெரிக்கப் பெண் எழுத்தாளர் 'தி லெப்ட் ஹேண்ட் ஆப் டார்க்னஸ்' என்னும் நாவலை வெளியிட்டார். பனி மூடிய ஒரு கோளில் வாழும் மக்களுக்கு நிலையான ஆண்மையோ பெண்மையோ இல்லை. மாதத்தில் சில நாட்களில் மட்டும் அவர்கள் ஆணாகவோ பெண்ணாகவோ ஆவர். எவர் எதுவாவார் என்பதும் உறுதியில்லை. ஒரு குழந்தைக்குத் தாயானவர் மற்றொரு குழந்தைக்குத் தந்தையாதல் கூடும். அரசரே கருவுறுகிறார்! அந்நாட்டில் 'பெண் வேலை', 'ஆண் வேலை' என்னும் சொற்களுக்குப் பொருளில்லை. நம் ஆர்க்கிட் மலரை நினைத்துக்கொள்ளுங்கள். பூவுலகில் இயல்பாக உள்ளதை மனிதரிடத்தில் வைத்துப் பார்த்தவுடன் நமக்குத் தலை சுற்றுகிறது. அவ்வாறு சுற்றுவதே அக்கதையின் பயன்.

தமிழுக்கு மீள்வோம். அம்பை என்னும் புனைபெயரில் எழுதும் சி. எஸ். லட்சுமி 1944-இல் கோயம்புத்தூரில் பிறந்தவர். அவரது 'காட்டில் ஒரு மான்' என்னும் தொகுதி 2000-ஆம் ஆண்டு வெளிவந்தது. தொகுதிக்குப் பெயர் தந்த கதையில் தங்கம் அத்தை என்பவள் வருகிறாள். அவள் பூப்படையாதவள். சுற்றத்தார் அவளது உடலை ஒரு குறையாகவே காண்கின்றனர். அவளோ இரவு நேரங்களில் குழந்தைகளைச் சூழ அமர்த்திக்கொண்டு கதை சொல்கிறாள். தன் காட்டை விட்டு வழி தப்பி வேறொரு காட்டுக்குள் சென்றுவிட்ட மானின் கதை அது. முதலில் எல்லாமே அச்சமூட்டுகின்றன. பின் ஒரு நிலவிரவில் அச்சம் நீங்குகிறது; அந்நியக் காடு அதன் காடாகிறது. அத்தை எவரிடமும் வாதிடவில்லை. தன் உடலுக்குள் தான் எவ்வாறு குடியேறினாள் என்பதை ஒரு மானின்மேல் ஏற்றிச் சொல்லிவிடுகிறாள்.

சேர்வராயன் கோயிலின் முன் கல்லின்மேல் அமர்ந்திருந்த மாணவியையும் தங்கம் அத்தையையும் அருகருகே வைத்து நோக்குங்கள். ஒருத்திக்கு உடலில் ஒன்று நிகழ்ந்ததால் விலக்கு. மற்றொருத்திக்கு அதே ஒன்று நிகழாததால் விலக்கு. வந்தாலும் குறை, வராவிட்டாலும் குறை என்றால், குறை உடலில் இல்லை என்பது வெளிப்படை. அளக்கும் கோலில் இருக்கிறது.

அதே தொகுதியில் 'அடவி' என்றொரு கதையும் உண்டு. செந்திரு என்னும் பெண் வீட்டை விட்டுக் காட்டுக்குச் சென்று, சீதையின் கதையைச் சீதையின் நோக்கில் எழுதுகிறாள். காடு என்றால் பெண்ணுக்குத் தண்டனை என்றே இதிகாசம் கேட்டு வளர்ந்தோம். அக்கதையில் காடு அவள் தானே தேர்ந்து சென்ற இடமாகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கையும் கூற விரும்புகிறேன். பெண்ணையும் இயற்கையையும் ஒன்றாக வைத்துப் போற்றும் பழக்கம் நம்மிடம் மிகுதி. ஆறு பெண், நிலம் பெண், பூமி பொறுமையின் தாய் என்போம். கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பூமியைப்போல் பொறுத்துக்கொள் என்று பெண்ணுக்குக் கூறுவதும், தாயைப்போல் தருவாள் என்று மலையைத் தோண்டுவதும் அப்பழக்கத்தின் இரு கிளைகளே. சேர்வராயன் மலையிலிருந்து பாக்சைட் வெட்டியெடுத்து, மேட்டூர் அலுமினிய ஆலைக்குப் பல ஆண்டுகள் அனுப்பினார்கள். மலையை வணங்கியதனால் மலை காக்கப்பட்டுவிடவில்லை. அவ்வாறே, பெண்ணைத் தெய்வம் என்று புகழ்ந்ததனால் அவள் உரிமை பெற்றுவிடவில்லை.

1974-ஆம் ஆண்டு, பிரெஞ்சு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தொபோன் பெண் விடுதலையையும் சூழல் காப்பையும் இணைத்து 'சூழல்சார் பெண்ணியம்' என்னும் பொருளுடைய சொல்லை உருவாக்கினார். அதே ஆண்டு மார்ச்சுத் திங்களில், இமயமலைச் சாரலிலுள்ள ரேணி என்னும் சிற்றூரில் மரம் வெட்ட ஆட்கள் வந்தனர். ஊர் ஆடவர் வெளியே சென்றிருந்த வேளை. கௌரா தேவி என்பவர் பெண்களைத் திரட்டிச் சென்று காட்டைக் காத்து நின்றார். பெண்ணுக்கு மரத்தின்மேல் பிறவியிலேயே பாசம் உண்டு என்று இதற்கு விளக்கம் கூறுவோர் உளர். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. விறகும் தீவனமும் நீரும் தேடி நாள்தோறும் காட்டுக்குச் சென்றவர்கள் அவர்கள். காடு போனால் என்ன போகும் என்பதைத் தம் தலைச்சுமையால் அறிந்தவர்கள். அந்த அறிவைப் பிறவிக் குணம் என்று கூறினால், அவர்கள் உழைத்துப் பெற்ற அறிவை நாம் மறைத்துவிடுகிறோம்.

இனி, மீண்டும் ஏற்காட்டுக்கு வாருங்கள். பேருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறும்போது, சன்னல் வழியே பார்த்து, 'ஆகா, என்ன இயற்கை!' என்று வியக்கிறோம். காப்பிச் செடி இம்மலையில் தானாக முளைத்ததன்று. 1820-களில், சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் என்னும் பிரித்தானியர் கொணர்ந்து நட்டது. அதற்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அம்மரத்தின்மேல் படரும் மிளகுக் கொடி நம் நாட்டினதே. ஆயினும் காட்டு மிளகில் பெரும்பாலும் ஆண் கொடி வேறு, பெண் கொடி வேறு. தோட்டத்து மிளகிலோ பெரும்பாலும் ஒரே பூவில் இரண்டும் உண்டு. காய்ப்பு மிகுந்த கொடிகளை உழவர் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து நட்டதன் விளைவு அது. நாம் இயற்கை என்று கண்டு மகிழும் காட்சியில் பாதிக்கு மேல் மனிதர் நட்டது, தேர்ந்தது, பழக்கியது. காப்பிக் காட்டில் பழம் பறிக்கும் பெண்களைக் கேட்டால், எந்தச் செடி எந்த ஆண்டு நட்டது என்று கூறிவிடுவார்கள். அவர்களுக்கு அது உழைப்பின் கணக்கு. நமக்கோ இயற்கைக் காட்சி.

பெண்ணின் 'இயற்கை'யும் அத்தகையதே. அதில் எது தானாக முளைத்தது, எது பிறர் நட்டது என்று பார்வையால் மட்டும் கூற இயலாது. நட்டவர் யார், எப்போது நட்டார், யாருடைய பயனுக்காக நட்டார் என்று கேட்க வேண்டும். பெண்கள் எழுதிய கற்பனை உலகக் கதைகள் இந்தக் கேள்வியையே பலவாறு கேட்கின்றன. அவை உடலை வெறுக்கச் சொல்லவில்லை. உடலைப் பூசிக்கவும் சொல்லவில்லை. 'உடலின்மேல் எழுதப்பட்டதை உடலே எழுதியது என்று நம்பாதே' என்கின்றன.

ஏற்காட்டிலிருந்து திரும்பிய சில வாரங்களுக்குப் பின், அந்த மாணவி என்னிடம் நான்கு பக்கத்தில் ஒரு கதை எழுதிக் கொண்டுவந்தாள். ஒரு மலையூர். அங்கே மாதத்தில் மூன்று நாள் ஊரே வேலையை நிறுத்தி ஓய்வு கொள்கிறது. ஆணும் பெண்ணும் முதியோரும் இளையோரும் ஓய்வு கொள்கின்றனர். ஏன் அவ்வாறு ஒரு வழக்கம் வந்தது என்று அவ்வூரில் எவருக்கும் நினைவில்லை. எவரும் வெட்கப்படவும் இல்லை. வெளியூர்ச் சிறுவன் ஒருவன் வந்து, "உங்கள் ஊரில் யார் விலகியிருக்க வேண்டும்?" என்று கேட்கிறான். ஊராருக்கு அந்தக் கேள்வியே புரியவில்லை. கதை அங்கே நின்றுவிட்டது. "முடிவு வரவில்லை, அம்மா" என்றாள்.

கதையின் நடையில் திருத்த வேண்டியவை இருந்தன, திருத்திக் கொடுத்தேன். முடிவை மட்டும் நான் தொடவில்லை. தன் வீட்டு வழக்கத்தை அவள் மாற்றிக்கொண்டாளா என்றும் நான் கேட்கவில்லை. அது அவள் எண்ணித் தேர வேண்டியது. ஆனால் நண்பகலில் ஒரு சொல் சொல்லவும் நாக்கு எழாதவள், நான்கு பக்கம் எழுதிவிட்டாள். அச்சமின்றி எழுதிவிட்டாள்.

மாணவ நண்பர்களே! உங்களுள் எவரேனும் அடுத்த முறை ஏற்காட்டுக்குச் சென்றால், லேடீஸ் சீட்டில் சற்று அமருங்கள். ஆண் பிள்ளைகளும் அமரலாம். பாறை எவரையும் விலக்குவதில்லை. கீழே விளக்குகள் எரியும் ஊரைப் பாருங்கள். அங்கே இயற்கை என்று உங்களுக்குச் சொல்லப்பட்டவற்றுள் ஒன்றே ஒன்றை எடுத்து, 'இது இல்லாதிருந்தால்?' என்று எண்ணிப் பாருங்கள். எண்ணியதை எழுதியும் வையுங்கள்.